பெயருக்குள் இருந்த மருத்துவர்

எங்கள் ராத்தாவுக்குப் பிள்ளை கிடைத்துப் பத்து நாள். கை கழுவாதவர்களை உம்மா தொட்டிலருகே விடுவதில்லை. பக்கத்து அறையில் உயர்தர உயிரியல் படித்துக்கொண்டிருந்தபோதுதான், ஈ. கோலை என்ற பற்றீரியாவின் பெயருக்குள் ஒரு மனிதர் இருப்பதைக் கண்டேன்.

தியோடோர் எஷரிக் 1857இல் ஜேர்மனியின் அன்ஸ்பாக் நகரில் பிறந்தவர், குழந்தை மருத்துவர். அக்காலத்தில் ஐரோப்பாவிலும் வயிற்றோட்டம் சிசுக்களை அள்ளிக்கொண்டு போனது. நோயை அறிய முதலில் சுகமான பிள்ளையின் குடலை அறியவேண்டும் என எண்ணிய அவர், மியூனிக்கில் சிசுக்களின் மலத்தை நாளுக்கு நாள் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். (முகம் சுளிக்கவேண்டாம். பிள்ளை வளர்த்த உம்மாமார் சுளிக்கமாட்டார்கள்.) பிறந்ததும் கழியும் கரும்பச்சை மலத்தில் பற்றீரியாவை அவர் காணவில்லை. ஆனால் ஒரு நாளுக்குள் அவை வந்து குடியேறிவிட்டன! 1885இல் அவர் விவரித்த கோலுருவான ஈ. கோலையும் சுகதேகியான பிள்ளைகளிடம் இருந்ததுதான். அதன் சில வகைகள் மட்டுமே நோய் தருபவை. அதனால் உம்மாவின் காவலும் பிழையில்லை.

1902இல் வியன்னா சென்றபின், தாய்மார் தாமே பாலூட்டவேண்டும் என்று பெரிதும் பாடுபட்டார். 1911இல் காலமானார். அவரது பெயரை அந்தப் பற்றீரியாவுக்கு 1919இல் வைத்தவர்கள், முன்னர் நமது கொழும்பில் பணியாற்றிய கஸ்டெலானியும் சால்மர்ஸும். எஷரிக் அதை அறியவேயில்லை.