கராச்சிக்குப் போய்த் திரும்பி வந்தவர்

டிசம்பர் பிறந்தால் பாசிர் கூடாங்கில் கடை வைத்திருக்கும் நமக்குச் சரக்கு எண்ணவும் கணக்கு முடிக்கவுமே பொழுது போதாது. 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் நம் தாயகத்து முஸ்லிம்களின் பெரிய கணக்கு ஒன்று கராச்சியில் பிரிக்கப்பட்டது. இந்தியப் பங்குக்குப் பொறுப்பேற்றுத் திரும்பியவர் நம்மைப் போல் ஒரு வியாபாரிதான். அவர்தாம் காயிதே மில்லத் என்று நாம் அழைக்கும் மர்ஹூம் முஹம்மது இஸ்மாயில் சாஹிப்.

அன்னார் 1896 ஜூன் 5-ஆம் நாள் திருநெல்வேலியில் மியாகான் ராவுத்தரின் மகனாகப் பிறந்தார்கள். பதின்மூன்று வயதிலேயே பேட்டையில் முஸ்லிம் வாலிபர் சங்கம் கண்டவர்கள். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது பி.ஏ. பரீட்சை எழுதாமலே கல்லூரியை விட்டார்கள். பிறகு சென்னையில் ஜமால் முஹம்மது சாஹிப் அவர்களின் தோல் கம்பெனியில் சேர்ந்தார்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் பெரியமேட்டிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய காலம் அது. தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிக்கும் தொழிலில் அவசரக்காரன் நிலைக்க மாட்டான். சாஹிபின் நிதானம் அங்கே பழகியதோ என்று நாம் நினைப்பதுண்டு.

1946 முதல் சென்னை சட்டசபையில் முஸ்லிம் லீகின் சார்பில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார்கள். அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது. லீகின் பெருந்தலைவர்கள் பலர் பாகிஸ்தான் சேர்ந்துவிட்டார்கள். இந்தியாவில் எஞ்சிய முஸ்லிம்களோ ஏறக்குறைய மூன்றரைக் கோடி. வடக்கே இரத்தம் காயவில்லை. லீகர் என்று சொல்லவே பலர் அஞ்சினார்கள்.

அந்த நிலையில்தான் டிசம்பர் 14, 15 தேதிகளில் கராச்சி காலிக்தினா மண்டபத்தில் அகில இந்திய லீக் கவுன்சில் கூடியது. ஸ்தாபனத்தை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவாயிற்று. பாகிஸ்தானுக்கு அமைப்பாளர் லியாகத் அலி கான். இந்தியாவுக்கு நம் இஸ்மாயில் சாஹிப். ஒருவருக்குப் பிரதமர் பதவியும் அரசாங்கமும் கையில் இருந்தன. மற்றவர் கையில் வந்ததோ எல்லோரும் சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு பெயர்! அங்கேயே தங்கியிருந்தால் குறை சொல்வார் இல்லை. ஆனால் அன்னார் சென்னைக்குத் திரும்பினார்கள்.

அதே மாதக் கடைசியில் லக்னோவில் மௌலானா ஆசாத் கூட்டிய மாநாடு, முஸ்லிம்களுக்குத் தனி அரசியல் கட்சி வேண்டாம் என்றது. அந்த யோசனையையும் நாம் பழிக்க மாட்டோம், காலம் அப்படிப்பட்டது. சாஹிப் மறு வழியைப் பார்த்தார்கள். 1948 மார்ச் 10-ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் இடத்தில் கவுன்சிலைக் கூட்டினார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இருந்தும் லீகை இந்தியாவில் தொடர்ந்து நடத்துவது என்று தீர்மானித்தார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்வோம். அரசியல் நிர்ணய சபையில், ஷரீஅத் வழிப்பட்ட குடும்பச் சட்டத்தைக் கைவிடும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று 1948 நவம்பரில் திருத்தம் கொண்டுவந்தார்கள், அது ஏற்கப்படவில்லை. மறு ஆண்டு ஆட்சிமொழி விவாதத்தில் தமிழின் பழைமையை எடுத்துரைத்தார்கள். 1952 முதல் ராஜ்ய சபையிலும், பின்பு 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்து மஞ்சேரியில் வென்று லோக் சபையிலும் இருந்தார்கள். நெல்லைக்காரர் ஒருவரை மலபார் மக்கள் மூன்று முறை தங்கள் பிரதிநிதியாக அனுப்பியது சிறிய காரியமா? 1967-இல் சென்னையில் காங்கிரஸ் ஆட்சி இறங்கியபோது லீக் தி.மு.க.வோடு கைகோத்து நின்றது.

1972 ஏப்ரல் 5-ஆம் நாள் சென்னையில் வபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது அன்னாரின் பெயரைச் சேர்த்து நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்றார்கள். 1997-இல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாமென்று அரசு எடுத்துவிட்டது. நாகூரிலிருந்து வந்த பழைய கடித உறைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பெரியவர்கள் நம் சங்கத்தில் உண்டு. அந்த ஆறு ஆண்டு உறைகளில் தேடினால் அப்பெயரைக் காணலாம்.