ழானின் டெக்கர்ஸ்

ழானின் டெக்கர்ஸ் (அக்டோபர் 17, 1933 – மார்ச் 29, 1985) பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த பாடகியும் பாடலாசிரியரும் ஆவார். கத்தோலிக்கக் கன்னியர் மடம் ஒன்றில் அருட்சகோதரியாக இருந்தபோது இவர் எழுதி, இசையமைத்து, பாடிய "தொமினிக்" என்னும் பிரெஞ்சு மொழிப் பாடல் 1963 ஆம் ஆண்டின் இறுதியில் உலகப் புகழ் பெற்றது. இசைத்தட்டுகளில் இவர் "சேர் சூரீர்" (புன்னகைச் சகோதரி) எனவும், ஆங்கிலம் பேசும் நாடுகளில் "பாடும் கன்னியாஸ்திரி" எனவும் அறியப்பட்டார். அதன் பின்னர் இவர் வெளியிட்ட எந்தப் பாடலும் அந்த அளவுக்கு வெற்றி பெறவில்லை. ஒரே பாடலால் புகழடைந்தவர்களைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவுக்கு வரும் பெயர்களுள் இவருடையதும் ஒன்று.

இளமையும் துறவறமும்

பிரசெல்ஸ் நகரின் லாக்கன் பகுதியில் பிறந்த டெக்கர்சின் பெற்றோர் இனிப்புப் பலகாரக் கடை நடத்தி வந்தனர். துறவறம் பூணுவதற்கு முன் இவர் ஆசிரியப் பணியில் இருந்தார். 1959 ஆம் ஆண்டில் வாட்டர்லூ அருகிலுள்ள ஃபிஷெர்மோன் என்னும் இடத்தில் அமைந்திருந்த தொமினிக்கன் மறைபரப்புச் சகோதரிகளின் மடத்தில் சேர்ந்தார். அங்கு இவருக்கு அருட்சகோதரி லூக் கபிரியேல் என்னும் பெயர் வழங்கப்பட்டது. மடத்துக்குத் தியானப் பயிற்சிக்காக வரும் இளம்பெண்களுக்குத் தமது கிதாரை மீட்டித் தாமே இயற்றிய எளிய பாடல்களைப் பாடிக் காட்டுவது இவரது வழக்கம். தம் கிதாருக்கு "சகோதரி அடேல்" என்று ஒரு பெயரும் வைத்திருந்தார்.

"தொமினிக்" பாடல்

இப்பாடல்களைக் கேட்டவர்கள் அவற்றின் பிரதிகளை விரும்பினர். அவர்களுக்குக் கொடுப்பதற்காகச் சில இசைத்தட்டுகளைப் பதிவு செய்து தருமாறு மடத்தார் பிலிப்ஸ் நிறுவனத்தை அணுகினர். 1961 ஆம் ஆண்டில் பிரசெல்ஸ் நகரில் பதிவு நடைபெற்றது. பாடல்கள் விற்பனைக்கு ஏற்றவை என்று கண்ட நிறுவனம் அவற்றைப் பொதுச் சந்தையில் வெளியிட முன்வந்தது. பாடியவரின் உண்மைப் பெயர் மறைக்கப்பட்டது. "சேர் சூரீர்" என்னும் புனைபெயர் டெக்கர்ஸ் தாமாகத் தெரிந்தெடுத்தது அன்று, அவருக்குச் சூட்டப்பட்டதாகும்.

"தொமினிக்" பாடல் தொமினிக்கன் சபையை நிறுவிய புனித தொமினிக்கைப் பற்றியது. தமிழ்க் கத்தோலிக்கர் இவரைச் சாமிநாதர் என்றும் வழங்குவர். செல்வம் எதையும் நாடாமல் ஊர் ஊராக நடந்து சென்று இறைவனைப் பற்றிப் போதித்தவராக அவரைப் பாடல் சித்திரிக்கிறது. துள்ளலான மெட்டும், குழந்தைகளும் எளிதில் பாடக்கூடிய பல்லவியும் கொண்ட இப்பாடலை, பிரெஞ்சு மொழி அறியாத பலரும் பொருள் தெரியாமலே முணுமுணுத்தனர்.

ஐக்கிய அமெரிக்காவில் 1963 டிசம்பரில் பில்போர்டு தரவரிசையின் முதலிடத்தை அடைந்த இப்பாடல் நான்கு வாரங்கள் அவ்விடத்தில் நீடித்தது. அதே ஆண்டின் ஜூன் மாதத்தில் கியூ சகாமோட்டோவின் ஜப்பானிய மொழிப் பாடல் ஒன்றும் முதலிடம் பெற்றிருந்ததால், ஆங்கிலம் அல்லாத பாடல்களுக்கு அது வியப்பான ஆண்டாக அமைந்தது. நவம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்தில் ஆழ்ந்திருந்த மக்களுக்கு இப்பாடலின் கள்ளமின்மை ஆறுதல் அளித்தது என்று பலர் கருதுகின்றனர். எனினும் பாடல் அதற்கு முன்பே வானொலிகளில் பரவத் தொடங்கிவிட்டது. 1964 பெப்ரவரி தொடக்கத்தில் பீட்டில்ஸ் குழுவினர் முதலிடத்தைப் பிடித்தபின் அமெரிக்க மெல்லிசையின் போக்கே மாறிவிட்டது.

1964 சனவரி 5 அன்று எட் சல்லிவனின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டெக்கர்ஸ் தோன்றினார். இதற்காக அவர் அமெரிக்கா செல்லவில்லை, மடத்திலேயே படம்பிடிக்கப்பட்டது. அவ்வாண்டு சமயப் பாடல் பிரிவில் கிராமி விருதும் இப்பாடலுக்குக் கிடைத்தது. 1966 இல் டெபி ரெனால்ட்ஸ் நடித்து "பாடும் கன்னியாஸ்திரி" என்ற பெயரில் ஹாலிவுட் திரைப்படம் வெளிவந்தது. அதில் காட்டப்பட்டது தம் வாழ்க்கை அன்று, வெறும் கற்பனை என்று டெக்கர்ஸ் அதை ஏற்க மறுத்தார்.

மடத்தை விட்டு விலகல்

ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர் என்பதால் பாடலின் வருவாயில் இவருக்குப் பங்கு இல்லை. அது பிலிப்ஸ் நிறுவனத்துக்கும் மடத்துக்கும் சென்றது. லூவன் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்ற காலத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தக் கருத்துகள் இவரைக் கவர்ந்தன. மடத்தின் கட்டுப்பாடுகளோடு முரண்பட்டு 1966 ஆம் ஆண்டில் வெளியேறினார். இறைநம்பிக்கையைக் கைவிடவில்லை.

வெளியே வந்தவருக்குத் தம்மைப் புகழ்பெறச் செய்த பெயரே இல்லாமல் போயிற்று. "சேர் சூரீர்" என்னும் பெயரைப் பயன்படுத்தும் உரிமை அவரிடம் இல்லாததால் "லூக் தொமினிக்" என்ற புதுப்பெயரில் பாடினார். அப்பெயரைக் கேட்டு இசைத்தட்டு வாங்குவோர் குறைவாகவே இருந்தனர். 1967 இல் கருத்தடை மாத்திரைக்காக இறைவனைப் போற்றும் பாடல் ஒன்றை வெளியிட்டார். செயற்கைக் கருத்தடையைத் திருச்சபை ஏற்காது எனத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 இல் சுற்றுமடல் மூலம் உறுதியாக அறிவிப்பதற்கு ஓராண்டு முன்னர் இது நிகழ்ந்தது. முன்னர் இவரைக் கொண்டாடிய கத்தோலிக்க இரசிகர்களுள் பலர் இப்பாடலால் விலகினர்.

வரிச் சிக்கலும் மறைவும்

டெக்கர்ஸ் தம் தோழி அன்னி பெஷேயுடன் வாவ்ர் நகரில் வாழ்ந்து வந்தார். 1970களின் பிற்பகுதியில், "தொமினிக்" பாடலின் வருவாய்க்கான நிலுவை வரியைச் செலுத்துமாறு பெல்ஜிய அரசு கோரியது. தொகை ஏறத்தாழ 63,000 அமெரிக்க டாலர் எனக் குறிப்பிடப்படுகிறது. பணம் முழுவதும் மடத்துக்கு நன்கொடையாகச் சென்றது என்பது இவரது வாதம். ஆனால் அதை மெய்ப்பிக்கும் பற்றுச்சீட்டுகள் இவரிடம் இல்லை. மடத்தில் இருந்தபோது கணக்கு வைத்துக்கொள்ளும் பொறுப்போ வாய்ப்போ இல்லாத ஒருவரிடம், பல ஆண்டுகளுக்குப் பின் கணக்குக் கேட்கப்பட்டதே இச்சிக்கலின் அடிப்படை.

இருவரும் இணைந்து மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள சிறுவர்களுக்காக நடத்திய பள்ளியும் பண நெருக்கடியால் நிலைக்கவில்லை. 1982 இல் "தொமினிக்" பாடலையே டிஸ்கோ தாளத்தில் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டார். அதுவும் விற்பனையாகவில்லை.

1985 மார்ச் 29 அன்று டெக்கர்சும் பெஷேயும் வாவ்ரிலுள்ள தம் இல்லத்தில் தற்கொலை செய்துகொண்டனர். விட்டுச் சென்ற கடிதத்தில் பண நெருக்கடியைக் காரணமாகக் குறிப்பிட்டிருந்தனர். டெக்கர்சுக்கு அப்போது வயது 51. இருவரும் வாவ்ரில் ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டனர்.

பிற்காலத்தில்

2009 ஆம் ஆண்டில் ஸ்டைன் கோனிங்ஸ் இயக்கத்தில், செசீல் தெ பிரான்சு டெக்கர்சாக நடித்த "சேர் சூரீர்" திரைப்படம் வெளிவந்தது. 1966 இன் ஹாலிவுட் படம் தொடாத பிற்கால வாழ்க்கையையும் இது காட்டியது. 2012 இல் ஒளிபரப்பான "அமெரிக்கன் ஹாரர் ஸ்டோரி" தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவத்தில், மனநோய் மருத்துவமனையின் பொது அறையில் ஓயாமல் ஒலிக்கும் பாடலாக "தொமினிக்" இடம்பெற்றது.