உல்ரிச் சுவிங்லி (1484 – 1531)

சமயச் சீர்திருத்தம் என்றாலே நாம் எல்லோரும் மார்ட்டின் லூதர் பெயரைத்தான் சொல்லுவோம். லூதரைவிட ஏழு வாரம் மட்டுமே இளையவர் ஒருவர் சுவிட்சர்லாந்தில் இருந்தார். அவர்தான் சுவிங்லி.

1484 ஜனவரி 1-ல் வில்டுஹவுஸ் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். அப்பா விவசாயி, ஊர்த் தலைவரும்கூட. படிப்பு முடிந்து 1506-ல் கிளாரஸ் ஊருக்குப் பாதிரியார் ஆனார். அந்தக் காலத்தில் சுவிஸ் இளைஞர்கள் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த நாட்டு ராஜாக்களுக்காகச் சண்டை போடப் போவார்கள். சுவிங்லியும் அவர்களோடு இத்தாலிக்குப் போனார். 1515-ல் மரிஞ்ஞானோ போரில் ஆயிரக்கணக்கான பேர் செத்துப் போனார்கள். யாரோ கொடுக்கிற காசுக்கு நம்ம ஊர்ப் பிள்ளைகள் சாவதா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. அதை எதிர்த்துப் பேசியதால் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று.

1519-ல் தன் பிறந்தநாள் அன்றே சூரிச் நகரத்துப் பெரிய சர்ச்சில் பிரசங்கம் ஆரம்பித்தார். அந்த வருஷமே பிளேக் நோய் வந்து சாகக் கிடந்து பிழைத்தார். 1522-ல் ஒரு வேடிக்கை நடந்தது. தவக்காலத்தில் கறி சாப்பிடக் கூடாது என்பது சட்டம். புரோஷவர் என்ற அச்சுக்கூடக்காரர் வீட்டில் சிலர் கறி தின்று மாட்டிக்கொண்டார்கள். சுவிங்லியும் அங்கேதான் இருந்தார், ஆனால் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. அப்படியிருந்தும், வேதத்தில் இந்தத் தடை இல்லை என்று தின்றவர்களுக்காகவே வாதாடினார்!

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல முடியாது. அவரோடு முன்பு சேர்ந்திருந்த பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை, ஞானஸ்நானம் பற்றி வேறு மாதிரி சொன்னதற்காக, 1527-ல் சூரிச் நகரசபை ஆற்றில் முக்கிக் கொன்றது. சுவிங்லி தடுக்கவில்லை.

லூதருக்கும் சுவிங்லிக்கும் எண்ணம் ஒன்றுதான். வேதம்தான் பெரியது, போப் இல்லை. சண்டை வந்தது திருவிருந்து அப்பத்தில். அதில் இயேசுவின் உடல் உண்மையாகவே இருக்கிறது என்றார் லூதர். அது நினைவுக்கு ஓர் அடையாளம் என்றார் சுவிங்லி. பேரரசர் ஒரு பக்கம் மிரட்டும்போது இவர்கள் அடித்துக்கொண்டால் எப்படி? பிலிப் என்ற ஜெர்மன் பிரபு 1529 அக்டோபரில் இருவரையும் மார்பர்க் கோட்டைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். லூதர் வந்ததும் இயேசுவின் வார்த்தையைச் சாக்பீஸால் மேசையில் எழுதிவிட்டு, அதை விட்டு நகரவே மாட்டேன் என்றார். மொத்தம் 15 விஷயம் எழுதினார்கள். 14-ல் ஒத்துப்போனார்கள். அந்த ஒன்றில் மட்டும் முடியவில்லை. சுவிங்லி அழுதுகொண்டே நட்புக்குக் கை நீட்டினார். லூதர் அவரைச் சகோதரராக ஏற்கவில்லை. எனக்கு லூதர் மேல் கோபமாக வந்தது.

பிறகு சூரிச்காரர்கள், பழைய சபையிலேயே இருந்த மலைநாட்டாருக்குத் தானியமும் உப்பும் போகாமல் வழியை மறித்தார்கள். அவர்கள் படையெடுத்து வந்தார்கள். 1531 அக்டோபர் 11-ல் காப்பல் போர்க்களத்தில் சுவிங்லி இறந்தார். கூலிச்சண்டையை வெறுத்தவர் போரிலேயே போனார். வயது 47. லூதர் வருத்தப்படவில்லை, கடவுள் தந்த தண்டனை என்றே நினைத்தார்.

1973-ல் சுவிட்சர்லாந்தில் உள்ள லுயன்பர்க்கில் இரண்டு பக்கத்துச் சபைகளும் ஒரே திருவிருந்தில் சேர ஒப்பந்தம் செய்தன. மார்பர்க்கிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், 444 வருஷம்.