நட்சத்திரத்துக்கு எடைக் கணக்குப் போட்ட தமிழர்

பருத்திப் பொதியை எடை போடத் தராசு உண்டு. வானத்து நட்சத்திரத்துக்கு ஏது தராசு?

காகிதமும் பென்சிலுமே போதும் என்று காட்டினார் ஒரு தமிழ் வாலிபர். அறிஞர் சபை அவரைப் பார்த்துச் சிரித்தது. 48 ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அவர்தான் விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர்.

தாயின் ஆசி

சந்திரசேகர் 1910-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய அய்யர், ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. தாயார் சீதாலட்சுமி. நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன் இவருடைய சித்தப்பா.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்ததும், இங்கிலாந்து செல்ல உபகாரச் சம்பளம் கிடைத்தது. அப்போது தாயார் நோயுற்றுப் படுத்திருந்தார். மகன் தயங்கினார். போய் வா என்று தாயே அனுப்பி வைத்தார்.

1930-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். மறு ஆண்டே தாயார் காலமானார். மகன் கடல் கடந்து இருந்தார்.

கப்பலில் பிறந்த கணக்கு

அந்தக் கப்பல் பயணத்தில்தான் 19 வயது சந்திரசேகர் கணக்குப் போட்டார்.

நட்சத்திரத்தின் உள்ளே இருக்கும் வெப்பம் அதை வெளியே தள்ளுகிறது. அதன் சொந்த எடை உள்ளே அமுக்குகிறது. எரிபொருள் தீர்ந்தால், எடையின் கை ஓங்கும். நட்சத்திரம் சுருங்கும்.

மிச்சம் இருக்கும் பொருள் நம் சூரியனைப் போல 1.4 மடங்குக்குள் இருந்தால், அது சிறிய வெள்ளை நட்சத்திரமாகி அடங்கிவிடும். அதற்கு மேல் போனால் அப்படி அடங்க முடியாது. மேலும் மேலும் சுருங்கும். இதற்குச் 'சந்திரசேகர் எல்லை' என்று பெயர்.

சபையில் அவமானம்

1935-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி லண்டன் வான சாஸ்திர சபையில் இதை விளக்கினார். அடுத்துப் பேசியவர் உலகப் புகழ் பெற்ற எடிங்டன். இளைஞரின் கணக்கை அவர் கேலி செய்தார். சபை சிரித்தது.

பெரிய விஞ்ஞானிகள் சிலர் சந்திரசேகர் சொன்னதே சரி என்று தனிமையில் கூறினர். வெளியே சொல்ல யாரும் முன்வரவில்லை.

சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை. எடிங்டனின் நட்பையும் விடவில்லை. 1936-ல் லலிதாவை மணந்தார். 1937-ல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கடைசி வரை அங்கேயே உழைத்தார்.

ஈர்ப்பு அலைகள்

குளத்தில் கல் எறிந்தால் அலை எழுகிறது அல்லவா? பெரும் பொருள்கள் வேகமாகச் சுழலும்போதும் மோதும்போதும், வான வெளியே அதுபோல அலை எழுப்பும் என்றார் ஐன்ஸ்டீன்.

சுழலும் நட்சத்திரம் இத்தகைய ஈர்ப்பு அலைகளை வெளியிட்டால், அதுவே அந்த நட்சத்திரத்தின் நிலையைக் குலைக்கக்கூடும் என்று 1970-ல் சந்திரசேகர் கணக்கிட்டுக் காட்டினார்.

1983-ல் நோபல் பரிசு பெற்றார். 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி, 84-வது வயதில் சிகாகோவில் காலமானார்.

அவர் மறைந்து 20 ஆண்டுகளுக்குப் பின், 2015-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி, இரண்டு கருந்துளைகள் மோதி எழுந்த ஈர்ப்பு அலை அமெரிக்கக் கருவிகளில் பதிவானது. சுமார் 130 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த அலை அது!

பிரபஞ்சம் பிறந்தவுடன் கண் இமைக்கும் நேரத்துக்குள் பெரிதாக ஊதிப் பெருத்தது என்பது விஞ்ஞானிகளின் கருத்து. அப்போது எழுந்த அலைகளையும் இன்று தேடுகிறார்கள். மின்சாரம், காந்தம் போன்ற விசைப் புலங்களும் அன்று அலை எழுப்பியிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த அலை இன்னும் அகப்படவில்லை.

நமக்கு அருகே

கோவையில் இருந்து மலை ஏறினால் ஊட்டி. அங்கே 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி 1970-ல் அமைந்தது. கனமான நட்சத்திரங்கள் வெடித்துச் சுருங்கி மிஞ்சிய 'துடிக்கும் நட்சத்திரங்க'ளின் ரேடியோ அலைகளை அது கேட்டு வந்திருக்கிறது.

1999-ல் விண்ணில் ஏறிய அமெரிக்க எக்ஸ்-ரே தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று பெயர் வைத்தார்கள்.

சபை சிரித்தது ஒரு நாள். கணக்கு நிலைத்து நிற்கிறது.