வெறுங்கையோடு நடக்கச் சொன்னவர்

தைப்பூசம் வந்துவிட்டால் எங்கள் சேவுகம்பட்டியிலிருந்தும் பழனிக்கு நடை கிளம்பிவிடும். நானும் இரண்டு தடவை போயிருக்கிறேன். வழியெல்லாம் சோறு போடுகிறார்கள், நீர்மோர் ஊற்றுகிறார்கள். காசுக்கு வேலையே இல்லை. ஆனாலும் இடுப்பு முடிச்சில் ஒரு நூறு ரூபாய் இருந்தது. ஒரு தைரியத்துக்கு வேண்டாமா?

அந்தத் தைரியத்தையும் பிடுங்கிக்கொண்டு, இரண்டு வாலிபர்களை 8,000 மைல் பயணத்துக்கு வழியனுப்பி வைத்தார் ஒரு பெரியவர். சாமி கும்பிட அல்ல. அன்றைக்கு அணுகுண்டு வைத்திருந்த நாலு நாடுகளின் தலைநகரங்களுக்கு, குண்டைக் கைவிடுங்கள் என்று கேட்க! அந்தப் பெரியவர் ஆச்சார்ய வினோபா பாவே.

1895 செப்டம்பர் 11-ல் மகாராஷ்டிரத்தின் ககோதா கிராமத்தில் பிறந்தவர். கணக்கில் புலி. 1916-ல் இன்டர்மீடியட் பரீட்சை எழுத பம்பாய்க்கு ரயில் ஏறியவர், பாதி வழியில் சூரத்தில் இறங்கி காசிக்குப் போய்விட்டார். படிப்புச் சான்றிதழ்களையும் அந்த நாட்களிலேயே நெருப்பில் போட்டுவிட்டார். (நம்மில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அரியர்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு எரிக்கவே ஒன்றும் இருக்காது என்பது வேறு விஷயம்!) அதே வருஷம் ஜூன் மாதம் அகமதாபாத்தில் காந்தியைச் சந்தித்தார். அதோடு சரி, வேறு வாழ்க்கை அவருக்கு இல்லை.

1940-ல் யுத்தத்தை எதிர்த்துத் தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கியபோது காந்தி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். இரண்டாவதுதான் நேரு. பிறகு வேலூர் சிறையில் இருந்தபோது தமிழ் உட்பட நான்கு தென்மொழிகளையும் கற்றுக்கொண்டார். நாமெல்லாம் மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்து என்ன கற்றோம் என்று கேட்காதீர்கள்.

1951 ஏப்ரல் 18. தெலுங்கானாவில் போச்சம்பள்ளி. நிலமில்லாத அரிசன மக்கள் 80 ஏக்கர் வேண்டும் என்று கேட்க, கூட்டத்திலிருந்த ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். பூதானம் பிறந்தது அங்கேதான். அன்றிலிருந்து சுமார் பதின்மூன்று வருஷம் ஊர் ஊராக நடை. 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும்: அதில் பாறையும் பொட்டலும் வழக்கில் கிடந்ததும் நிறைய. பெரும்பகுதி ஏழை கைக்குப் போய்ச் சேரவேயில்லை.

நம்ம பக்கத்துக்கும் வந்தார். 1956, 57-ல் தமிழ்நாடு முழுக்க நடந்தார். எஸ். ஜெகந்நாதன், வத்தலக்குண்டுப் பக்கத்துக் கிருஷ்ணம்மாள் தம்பதி இங்கே பூதான வேலையைத் தோளில் சுமந்தவர்கள். 1956 நவம்பரில் பழனியில் வினோபா ஒரு முடிவெடுத்தார். அதுவரை மாவட்டந்தோறும் பூதானக் கமிட்டிகள் இருந்தன. காந்தி நினைவு நிதியிலிருந்து பணமும் வந்துகொண்டிருந்தது. இரண்டும் வேண்டாம், கமிட்டியைக் கலையுங்கள், நிதியை நிறுத்துங்கள், இனி ஊர் ஜனங்களை நம்பி வேலை செய்யுங்கள் என்று தீர்மானமாயிற்று. கூட இருந்தவர்களே ஆடிப்போனார்கள். இதனால்தான் பல இடங்களில் வேலை படுத்துவிட்டது என்று பின்னால் குறையும் சொன்னார்கள். குறை சொன்னதில் நியாயம் இருக்கலாம். ஆனால் மனுஷன் சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி வைக்காதவர்.

அந்தப் பழனி முடிவுதான் ஆறு வருஷம் கழித்து கடல் தாண்டிப் போனது என்பது என் எண்ணம். 1961-ல் லண்டனில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்ற தத்துவ மேதை அணுகுண்டை எதிர்த்து மறியல் செய்து சிறைக்குப் போனார். அவருக்கு வயசு 89! பெங்களூரில் ஒரு காபிக் கடையில் இந்தச் செய்தியைப் படித்தார்கள் ராஜஸ்தான்காரர் சதீஷ்குமாரும் கேரளத்து இ.பி. மேனனும். கிழவர் ஜெயிலுக்குப் போகிறார், நாம் காபி குடிக்கிறோமே என்று உறுத்தியது. நடப்பது என்று முடிவு செய்து வினோபாவிடம் போனார்கள். அவர் அப்போது அசாமில் நடந்துகொண்டிருந்தார்.

அவர் இரண்டு நிபந்தனை போட்டார். கையில் காசு கூடாது. மாமிசம் சாப்பிடக் கூடாது. காசு இருந்தால் களைத்த நேரத்தில் ஓட்டலில் சாப்பிட்டுத் தூங்கிவிடுவீர்கள், இல்லையென்றால் யார் வீட்டுக் கதவையாவது தட்டித்தான் ஆக வேண்டும். மாமிசம் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், பேச்சு தானாகத் தொடங்கும். இதுதான் கணக்கு. கணக்கில் புலி என்று சும்மாவா சொன்னேன்!

1962 ஜூன் 1-ல் ராஜகாட்டில் காந்தி சமாதியிலிருந்து புறப்பட்டார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாக சோவியத் நாடு. ஜார்ஜியாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைப் பெண்கள் நாலு பொட்டலம் டீத்தூள் கொடுத்தார்கள். நாலு தலைவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. குண்டு போடப் பொத்தானை அமுக்கத் தோன்றினால், ஒரு நிமிஷம் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு யோசிக்கட்டுமாம்! மாஸ்கோ தாண்டி பாரிஸ் போனால் அங்கே ஜெயில். பிரிட்டனில் ரஸ்ஸலையே பார்த்தார்கள். கடலில் மட்டும் கப்பல். அமெரிக்கா போய்ச் சேருவதற்குள் 1963 நவம்பர் 22-ல் கென்னடி சுடப்பட்டார். காந்தி சமாதியில் தொடங்கிய நடை 1964 ஜனவரியில் கென்னடி சமாதியில் முடிந்தது. இரண்டு பேருமே துப்பாக்கிக்குப் பலியானவர்கள்.

நடந்ததால் குண்டு குறைந்ததா என்று என் அறை நண்பன் கேட்டான். குறையவில்லை. நடை நடந்துகொண்டிருந்த 1963 ஆகஸ்டில் அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் வானத்திலும் கடலிலும் சோதனை செய்வதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. அது இவர்களால் வந்தது என்று புளுக மாட்டேன். நம் நாடும் வினோபா உயிரோடு இருந்தபோதே, 1974-ல், பொக்ரானில் வெடித்துப் பார்த்தது.

ஆனால் வினோபா விஞ்ஞானத்தைத் திட்டியவர் அல்ல. விஞ்ஞானம் அகிம்சையோடு சேர்ந்தால் உலகம் வாழும், இம்சையோடு சேர்ந்தால் அழியும் என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. இது லேத் பிடிக்கிற, டிராயிங் போடுகிற நமக்கு நேராகச் சொன்னது போலவே எனக்குப் படுகிறது. குண்டின் உறையையும் எங்கோ ஒரு டிப்ளமோக்காரன்தானே கடைந்திருப்பான்?

எமர்ஜென்சி காலத்தில் அவர் உரக்க எதிர்க்கவில்லை என்ற வருத்தம் பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. வாலிபர்கள் நடையை முடித்த மூன்றாம் மாதம், 1964 ஏப்ரலில், அவரும் தன் நடையை முடித்து வார்தா பக்கத்துப் பவுனார் ஆசிரமத்துக்குத் திரும்பியிருந்தார். 1982 நவம்பரில் அங்கே நோயில் படுத்தார். சாப்பாடு வேண்டாம், மருந்து வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விட்டார். 15-ந் தேதி, தீபாவளி நாளில், மூச்சும் நின்றது.