பிரித்துப் போட்டார், பெரிய மனிதர் ஆனார்!

பழவேற்காட்டில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். ஏரியில் வலை போட்டவர்கள் கரை திரும்புவார்கள். இறாலும் நண்டும் மடவையும் கூடை கூடையாக இறங்கும். ஐஸ் போட்டு வேனில் ஏற்றுவார்கள். சென்னை சுமார் 60 கிலோமீட்டர் தூரம்.

பொன்னேரி சாலையில் ஒரு பழைய பெட்ரோல் வேன் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐஸ் உருகுகிறது. மீன் கெடப்போகிறது. டாங்கியில் பெட்ரோல் இருக்கிறது. ஆனால் எஞ்சினுக்கு வரவில்லை. பெட்ரோல் பம்பு கெட்டுவிட்டது! அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் இருந்தால் மீன் சந்தைக்குப் போகும். இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும்.

இயந்திரத்தைக் கண்டு பயப்படாதே, பிரித்துப் பார் என்று வாழ்ந்து காட்டியவர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். அவர்தான் கோவை ஜி.டி. நாயுடு.

மோட்டார் சைக்கிள் மோகம்

கோவைக்கு அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் விவசாயி. சிறு குழந்தையாக இருந்தபோதே தாயார் இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. படிப்பு பாதியில் நின்றது.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி ஓடுகிறதே! நாயுடுவுக்கு ஒரே ஆச்சரியம். அதை எப்படியும் வாங்கிவிடுவது என்று உறுதி கொண்டார்.

கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசு சேர்த்தார். அதே வண்டியை விலைக்கு வாங்கினார். ஆசை தீர ஊர் சுற்றினாரா? இல்லை. ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் போட்டார். பிறகு பூட்டினார். அதுவே அவருடைய கல்லூரி!

ஒரு பஸ்

1920-ல் ஒரு பஸ் வாங்கினார். கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அதற்கு உதவினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடுவே அதை ஓட்டினார். ஒன்று பலவாயிற்று. யு.எம்.எஸ். என்ற பஸ் கம்பெனி பெரும் புகழ் பெற்றது.

1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் அது என்பார்கள். மின்சார ஷேவிங் ரேசர், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் இயந்திரம் என்று பலவும் செய்தார்.

தோல்வியும் உண்டு. 1952-ல் இரண்டு பேர் போகும் சிறு கார் செய்தார். விலை 2,000 ரூபாய்தான். ஆனால் தயாரிக்க அரசு அனுமதி கிடைக்கவில்லை.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில் கல்லூரி உண்டாக அவர் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுவே. அங்கே நான்கு ஆண்டுப் படிப்பு எதற்கு, இரண்டு ஆண்டே போதும் என்று வாதாடினார். வாதம் எடுபடவில்லை. விலகிவிட்டார்.

பம்பின் ரகசியம்

இப்போது நம் வேனுக்கு வருவோம்.

பழைய மோட்டார் சைக்கிளில் டாங்கி எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. பெட்ரோல் தானே இறங்கும். வேனில் டாங்கி பின்னால், தாழ்வாக இருக்கிறது. ஆகவே பெட்ரோலை இழுக்க பம்பு வேண்டும். எஞ்சின் சுழலும்போது கேம் என்ற மேடு ஒரு லீவரைத் தள்ளும். லீவர் ஒரு சவ்வை அசைக்கும். சவ்வு பெட்ரோலை இழுத்துக் கார்ப்புரேட்டருக்கு அனுப்பும். சவ்வு கிழிந்தால் வண்டி நிற்கும்.

மாற்றுவது எப்படி? முதலில் பீடி, நெருப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. எஞ்சின் ஆறட்டும். பாட்டரி வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாய்களைக் கழற்றி, டாங்கியிலிருந்து வரும் குழாயை அடையுங்கள். போல்ட்டுகளைத் தளர்த்திப் பம்பை எடுங்கள். ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டிவிட்டுப் புதியதை வையுங்கள். லீவர் கேமோடு சரியாக உட்கார வேண்டும். போல்ட்டுகளை மாறி மாறி, சமமாக முடுக்குங்கள். பிறகு குழாய்களையும் வயரையும் மாட்டி, எஞ்சினைச் சில சுற்று சுற்றவிட்டுக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால், வண்டியைக் கிளப்பும் முன்பே ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

அவ்வளவுதான்! ஐஸ் உருகி முடியும் முன் வேன் புறப்பட்டுவிடும்.

நாயுடு 1974 ஜனவரி 4-ந் தேதி காலமானார். பட்டம் எதுவும் வாங்காதவர் அவர். ஆனால் ஸ்பானரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு ஏழைப் பிள்ளைக்கும் அவர் வாழ்க்கையே பாடப்புத்தகம். உங்கள் வீட்டுப் பிள்ளை எதையாவது பிரித்துப் போட்டால் உடனே அடிக்காதீர்கள். திரும்ப மாட்டச் சொல்லுங்கள்!