கொடைக்கானல் ஏரிக்கு முதல் படகு எங்கிருந்து வந்தது? யார் இந்த லெவிஞ்ச்?

கொடைக்கானல் போனால் நம்மில் பலரும் முதலில் ஓடுவது போட்டிங்குக்குத்தான். ஆனால், அந்த ஏரி இயற்கையாக உருவானது இல்லை. அதில் மிதந்த முதல் படகும் மலையில் செய்தது கிடையாது.

இரண்டுக்கும் காரணம், மதுரை கலெக்டராக இருந்த சர் வேர் ஹென்றி லெவிஞ்ச். 1863-ல், ஓடைகள் பாய்ந்த சதுப்பு நிலத்தில் கரை கட்டி ஏரியை உருவாக்கினார். மீன்களையும் விட்டார்.

ஏரி ரெடி, படகு? பழனி மலையில் படகுக்கு எங்கே போவது? கடலோரத் தூத்துக்குடியில் இருந்து ஒன்றை வரவழைத்தார். இன்றைய காட் ரோடு அப்போது கிடையாது. சுமார் 2,100 மீட்டர் உயரம் வேறு. பெரிய படகையெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது.

ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலிலேயே தங்கிவிட்ட லெவிஞ்ச், 1885-ல் இறந்தார். 1890-ல் போட் கிளப் வந்தது. ஆனால், அது உறுப்பினர்களுக்கு மட்டும்தான். சுற்றுலாப் பயணிகளும் பொதுமக்களும் தற்காலிக உறுப்பினராகச் சேர்ந்து படகில் ஏற 1932 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதாவது, ஏரி உருவாகி 69 ஆண்டுகள். இன்று ஒரு டிக்கெட் எடுத்தால் போதும்!